ஒரே தாளில் பதின்மூன்று தேதிகள்

ஆகஸ்ட் 3

ஆடிப்பெருக்கு. பிற ஊர்களில் ஆற்றங்கரைக்குப் போகும் நாள். சிவகாசியில் அடுத்த ஆண்டின் காலண்டர் மாதிரி ஆல்பத்துக்குப் பூசை போடும் நாள். அண்ணன் மகன் குணசீலனின் அச்சகத்துப் பூசைக்கு நானும் வரவழைக்கப்பட்டிருந்தேன். ஐம்பத்திரண்டு வயதாகியும் தேங்காயை மூன்று அடியில்தான் உடைக்கிறான். சுண்டலில் உப்பில்லை.

கூட்டம் கலைந்ததும் தன் அறைக்கு அழைத்துக் கதவைச் சாத்தினான். திருச்சியிலிருந்து என்னைக் கூட்டிவந்தது சுண்டலுக்காக அன்று என்பது அப்போது விளங்கியது.

"அத்தை, பெரிய ஃபேக்டரில முப்பது வருசம் பிளானிங்குல இருந்தவுக நீங்க. எனக்கு ஒரு பிளான் போட்டுக் குடுங்க."

விவரம் இதுதான். சேலத்து விதைக் கம்பெனி ஒன்றுக்கு ஆண்டுதோறும் எண்பதாயிரம் தினசரிக் காலண்டர் அச்சிட்டுத் தருகிறான். அச்சகத்தின் வேலையில் பாதி அதுவே. சென்ற ஆண்டு லாரி போய்ச் சேர்ந்தது ஜனவரி நான்காம் தேதி. வாங்கியவர்கள் நான்கு தாள்களைக் கிழித்தெறிந்துவிட்டுச் சுவரில் மாட்டியிருப்பார்கள். இந்த ஆண்டு டிசம்பர் ஐந்துக்குள் லாரி கிளம்ப வேண்டும் என்று கையொப்பம் வாங்கிவிட்டார்கள்.

"தவறினால்?"

"பைண்டிங் செக்‌ஷன மூடிருவேன். வேலைய வெளிய மெஷின் வச்சிருக்கவங்ககிட்ட குடுத்துருவேன். எல்லாம் லேட்டாகுறதே அந்தப் பொம்பளைங்க கையிலதான். முப்பது பேரு. இது நமக்குள்ள இருக்கட்டும் அத்தை."

ஆறு வாரத்தில் முடித்துத் தருவதாகச் சொன்னேன். திரும்புவதற்கு செப்டம்பர் 15-க்கு ரயில் டிக்கெட் எடுத்தாயிற்று.

ஆகஸ்ட் 5

குழாயில் தண்ணீர் வரும் நாள். குடங்களை நிரப்பியபின் அச்சகத்துக்குப் போனேன்.

முறை எளிது. ஒரு காரியத்திலுள்ள வேலைகளையெல்லாம் எழுதுக. எது முடிந்தால் எது தொடங்கும், எதற்கு எத்தனை நாள் என்று கேட்டு, வட்டங்களும் அம்புகளுமாக வரைக. தொடக்கத்திலிருந்து முடிவுவரை செல்லும் பாதைகளில் நீளமானது எதுவோ அதுவே மொத்த நாளைத் தீர்மானிக்கிறது. கிரிட்டிக்கல் பாத் என்பார்கள். நான் நெருக்கடிப் பாதை என்று எழுதுவேன். அதில் ஒருநாள் தவறினால் முழுக் காரியமும் ஒருநாள் தவறும். மற்றப் பாதைகளிலுள்ள வேலைகளுக்குக் கொஞ்சம் மிகைநாள் உண்டு. அவற்றில் எவ்வளவு கத்தினாலும் ஒருநாள்கூட மிச்சமாகாது. குணசீலன் இத்தனை ஆண்டுகளாகக் கத்திய இடம் சரிதானா என்பதே எனக்கு ஆவல்.

மெஷின் ஃபோர்மேன் சோலைராஜைக் கேட்டேன். ஒரு பெரிய தாளில் பதினாறு தேதிகள் அச்சாகும். ஆண்டுக்கு இருபத்துமூன்று தாள். தாளுக்கு ஒன்றேகால் நாள். வெட்டியபின் பைண்டிங் பெண்கள் தேதிவாரியாகப் பொறுக்கி அடுக்குவார்கள். அதற்கு முப்பத்துநான்கு நாள். பிறகு தகரப்பட்டி அடித்து, பட அட்டையில் ஒட்டி, கட்டுக்கட்டி அனுப்ப இருபத்துநான்கு நாள்.

"முப்பத்துநான்கு என்று யார் சொன்னது?"

"கனியக்காதான். எப்பவும் அதான் கணக்கு. அவுககிட்ட போயிக் கேட்டா இன்னும் ரெண்டு நாள் ஏறும். நானே சொல்லிர்றேம்மா, ஒங்களுக்கு எதுக்கு அலைச்சல்."

சண்முகக்கனி மாடியிலுள்ள பைண்டிங் பகுதியின் தலைவி என்று தெரிந்துகொண்டேன். மாடிப்படி செங்குத்தாக இருந்தது. எழுதிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 6

இரத்த அழுத்த மாத்திரை தீர்ந்தது. வாங்க வேண்டும்.

ஆகஸ்ட் 9

பழைய காலண்டர் அட்டைகளின் பின்பக்கங்களை ஒட்டி வரைபடம் தயார். குணசீலன் கத்திய இடம் தவறு. நீளமான பாதையின் பெரும்பகுதியில் யாரும் எந்த வேலையும் செய்வதில்லை, காத்திருக்கிறார்கள்.

எதற்கு? அடுத்த ஆண்டின் அரசு விடுமுறைப் பட்டியலுக்கு. அது அக்டோபர் கடைசியில்தான் கைக்கு வரும். எந்தத் தேதி சிவப்பு, எது கறுப்பு என்று உறுதியாகாமல் மெஷினில் தாள் ஏற்றுவதில்லை.

"ஒரு வருசம் முந்திக்கிட்டு அடிச்சு, ஒரு நாளு தப்பாப் போச்சு. எண்பதாயிரம் தாளும் திருப்பி அடிச்சோம். அதுல இருந்து பட்டியல் வராம மை தொடுறதில்ல" என்றான் குணசீலன்.

"பொங்கல் தேதிக்குப் பட்டியல் வேண்டுமா? சுதந்திர தினத்துக்கு? கிறிஸ்துமஸுக்கு?"

அவன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தான். இது அவன் அப்பாவின் பழக்கம்.

ஆகஸ்ட் 12

இரண்டு நாள் இதே சிந்தனை. எவை உண்மையில் ஐயத்துக்குரியவை? பிறை பார்த்து முடிவாகும் நான்கு பண்டிகைகள் மட்டுமே. ஒவ்வொன்றும் கணித்த நாளில் வரலாம்; ஒருநாள் முந்தலாம், பிந்தலாம். நான்கு மும்மூன்று பன்னிரண்டு தேதிகள். மீதி முந்நூற்று ஐம்பத்துமூன்றை இன்றைக்கே அச்சிடலாம்.

இருபத்திரண்டு தாளில் முந்நூற்று ஐம்பத்திரண்டு தேதிகள் அடங்கும். பன்னிரண்டு ஐயத் தேதிகளோடு, மிச்சமாகும் டிசம்பர் 31-ஐயும் சேர்த்தால் பதின்மூன்று. அத்தனையும் ஒரே தாளில்! பட்டியல் வந்தபின் அச்சிடவேண்டியது ஒரே ஒரு தாள்.

எழுந்து நின்று பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. பொறுக்கி முடித்த அடுக்குகளில் விடுபட்ட தாள்களைச் செருக இரண்டு நாள் போட்டேன். தீபாவளிக்கு நான்கு நாள் விட்டும், நவம்பர் 27-இல் லாரி. எட்டு நாள் மிகை.

குணசீலன் வரைபடத்தை நெடுநேரம் பார்த்தான். பிறகு, "அத்தை, இத்தன நாளா இது யாருக்கும் தோணலயே" என்றான். எனக்கும் அதுதான் தோன்றியது; சொல்லவில்லை.

ஆகஸ்ட் 20

முதல் தாள் மெஷினில் ஏறியது. சோலைராஜ் எலுமிச்சம்பழம் வைத்தான். காபியில் சர்க்கரை போட்டுவிட்டார்கள்.

செப்டம்பர் 10

பொறுக்கும் வேலை 18-இல் தொடங்கும். டிக்கெட்டை அக்டோபர் 10-க்கு மாற்றினேன். திட்டத்தை நடுவில் விட்டுப்போவது முறையன்று. வேறு காரணம் இல்லை.

செப்டம்பர் 23

இன்று மாடியேறினேன். எண்களில் குறையில்லை, பார்க்கலாமே என்று தோன்றியது.

நீளமான மேசைகளில் தேதிவாரியாகத் தாளடுக்குகள். பெண்கள் நடந்துகொண்டே ஒவ்வோர் அடுக்கிலிருந்தும் ஒன்றை உருவுகிறார்கள். விரல்களைப் பார்க்கமுடியவில்லை, அவ்வளவு வேகம். விடுபட்ட தேதிகள் வரும் இடத்தில் ஒரு மஞ்சள் துண்டுத்தாளை வைக்கிறார்கள். வாசலருகே இருந்தவள் பக்கத்திலிருப்பவளிடம், "வட்டம் போடுற அம்மா வந்திருக்காக, சேலைய இழுத்து விடு" என்றாள். நல்ல பட்டம்தான்.

ஆனால் தரையைப் பார்த்ததும் நின்றுவிட்டேன். பொறுக்கி முடித்த அடுக்குகள் பதினோராயிரம், தரையெல்லாம். தகரப்பட்டி அடித்தால் பிறகு செருகமுடியாது. ஆகவே எல்லாம் கட்டின்றிக் கிடக்கின்றன. ஒன்றின்மேல் ஒன்றாக ஆறுக்குமேல் வைத்தால் சரிகிறது. இன்னும் அறுபத்தொன்பதாயிரம் வரவேண்டும். ஒரு மாதத்துக்கு மேல் கிடக்கவேண்டும், அதுவும் ஐப்பசி மழையில்.

காத்திருப்பதற்கு என் வரைபடத்தில் ஓர் அம்புக்குறி போதும். இங்கே அதற்குத் தரை வேண்டியிருக்கிறது.

சண்முகக்கனி எதிரே வந்து நின்றாள். ஐம்பது வயதிருக்கும். இடுப்பில் சாவி, விரலில் ரப்பர் உறை.

"வாங்க பெரியம்மா. பாத்து வாங்க, மார்ச் மாசத்த மிதிச்சிராதீங்க."

"விடுபட்ட தாள்களைச் செருக எத்தனை நாள் ஆகும், கனி?"

"ரெண்டு நாளுன்னு எழுதியிருக்கீங்களாம்ல."

"நான் எழுதியது இருக்கட்டும். உனக்கு எத்தனை நாள்?"

"எழுதியாச்சுல பெரியம்மா. அப்புறம் எதுக்குக் கேட்டுக்கிட்டு."

திரும்பி மேசைக்குப் போய்விட்டாள்.

செப்டம்பர் 24

கைக்கடிகாரத்தோடு மறுபடி மாடியேறினேன். ஓர் அடுக்கைக் கொடுத்து, மூன்று வெற்றுத்தாள்களை ஒரு துண்டுத்தாள் இருக்கும் இடத்தில் செருகச் சொன்னேன். அடுக்கைத் தூக்கவேண்டும், இடத்தைத் தேடவேண்டும், பிரிக்கவேண்டும், செருகவேண்டும், சரிந்ததைத் தட்டி ஒழுங்காக்கவேண்டும். முப்பத்தொரு விநாடி. பத்துமுறை பார்த்தேன். நான் போட்டிருந்தது நான்கு விநாடி.

எண்பதாயிரம் காலண்டர், ஒவ்வொன்றிலும் நான்கு இடம். முப்பது பெண்களுக்குப் பன்னிரண்டு நாள். எட்டு நாள் மிகையும் போய், டிசம்பர் 7-இல்தான் லாரி.

அதாவது தாமதத்தை நான் ஒழிக்கவில்லை. மெஷினிலிருந்து எடுத்து மாடியில் வைத்திருக்கிறேன். குணசீலன் எந்த முப்பது பேரைத் தாமதத்துக்குக் காரணம் என்று சொன்னானோ, அவர்களிடம் கொண்டுபோய் என் கையாலேயே வைத்திருக்கிறேன். இருபத்திரண்டு தாள்களும் அச்சாகிவிட்டன. திருப்ப வழியில்லை.

செப்டம்பர் 25

உறக்கம் சரியில்லை. வெயில் காரணம்.

காலையில் கனியைத் தனியே அழைத்து, படிக்கட்டில் உட்காரவைத்துக் கேட்டேன்.

"இது தவறாகப் போகும் என்று உனக்கு முன்பே தெரியுமா?"

"மொத நாளே தெரியும்."

"ஏன் சொல்லவில்லை?"

"கேட்டாத்தான பெரியம்மா சொல்லணும்? சோலைராஜு வந்து, பதிமூணு தாளு பின்னாடி வரும், துண்டுத்தாளு வைங்கன்னு சொன்னாரு. வச்சோம். எதுக்குன்னும் சொல்லல, எப்படின்னும் கேக்கல."

1979-இல், நான் பணியாற்றிய தொழிற்சாலையின் பெரிய வரைபடத்தில் ஓர் அம்பு தவறான வட்டத்தில் போய் முடிந்திருந்தது. மூன்று மாதம் எனக்குத் தெரியும். பதினோரு ஆண்கள் இருந்த அந்தக் கூட்டத்தில் என்னிடம் கேட்கப்பட்ட ஒரே கேள்வி, இன்னும் இரண்டு தேநீர் சொல்லமுடியுமா என்பது. அம்பு அங்கேயே இருந்தது. வேலை ஐந்து மாதம் தாமதித்தது. இதை இப்போது எழுதவேண்டிய அவசியமில்லை.

பிறகு கனியிடம், டிசம்பர் ஐந்து தவறினால் அவர்கள் பகுதி மூடப்படும் என்பதைச் சொன்னேன். குணசீலனுக்குக் கொடுத்த வாக்கை மீறினேன் என்பது தெரியும். ஆனால் எதற்காகக் கேட்கிறோம் என்று தெரியாதவரிடம் வாங்கும் மதிப்பீடு மதிப்பீடே ஆகாது. இது தொழில்முறைக் காரணம். வேறொன்றும் இல்லை.

அவள் விரலிலிருந்த ரப்பர் உறையைக் கழற்றினாள். மறுபடி மாட்டினாள்.

"எத்தன நாளாத் தெரியும் ஒங்களுக்கு?"

"ஆடிப்பெருக்கிலிருந்து."

"அம்பது நாளு மேல ஆச்சு" என்றாள். "அன்னிக்கு சுண்டல் நாங்கதான் அவிச்சோம்."

எழுந்து மேலே போய்விட்டாள்.

செப்டம்பர் 26

காலை எட்டு மணிக்கு வீட்டு வாசலில் கனி. உள்ளே வரச்சொன்னதற்கு, "இங்கயே சொல்லிட்டுப் போறேன்" என்றாள். கையில் ஒரு வருட அடுக்கு.

"வருசத்த முழுசாப் பொறுக்கி வச்சாத்தான இந்தப் பாடு? எதுக்கு முழுசாப் பொறுக்கணும்? விட்ட எடம் நாலு. அந்த நாலு எடத்துலயும் வருசத்த அத்துருங்க. அஞ்சு துண்டு. ஒவ்வொரு துண்டையும் தனியாப் பொறுக்கி ரப்பர் பேண்டு போட்டு அடுக்கிருவோம். சரியாது, ஆள் ஒசரத்துக்கு நிக்கும். ஒங்க பதிமூணு தாளு வந்ததும் மூணு மூணாக் கட்டி வச்சிக்கிட்டு, துண்டு, கட்டு, துண்டு, கட்டுன்னு பொறுக்குனாப் போதும். உள்ள செருகுற வேலையே இல்ல."

எண்ணிப் பார்த்தேன். ஐந்து துண்டு, நான்கு கட்டு, கடைசியில் டிசம்பர் 31. பத்தே உருவல். இருபது விநாடி. கட்டுக்கட்டுவதையும் சேர்த்து மூன்று நாள்.

"ஏற்கெனவே பொறுக்கிய பதினோராயிரம்?"

"மஞ்சத்தாளு இருக்க எடத்துல பிரிச்சா அதுவும் அஞ்சு துண்டுதான. ஒருநா வேல."

நான்கு அம்புகளை அழித்து ஒன்பது வரைந்தேன். நவம்பர் 28. ஏழு நாள் மிகை. முப்பதாண்டுப் பணியில் இதைவிடச் சுத்தமான திருத்தம் என் மேசைக்கு வந்ததில்லை.

நன்றி சொன்னேன். "எங்க வேலைக்கு நாங்க பாக்குறோம், ஒங்களுக்கு எதுக்கு நன்றி" என்றாள். நியாயம்தான்.

செப்டம்பர் 28

குணசீலனுக்குத் தெரிந்துவிட்டது. சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து சொன்னான்: "ஒங்கள நம்பித்தான சொன்னேன். இனி அந்த மாடிக்கு நான் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுப் போவேன்?"

"இருக்கிற மூஞ்சியை" என்றேன்.

மோரை எடுத்துக்கொள்ளாமல் போய்விட்டான்.

அக்டோபர் 9

டிக்கெட்டை ரத்துசெய்தேன். தீபாவளிக் கூட்டத்தில் பயணம் செய்யும் வயதில்லை.

அக்டோபர் 30

பட்டியல் வந்தது. கணக்கிட்டிருந்ததற்கு ஐந்து நாள் பின்னால். மிகை ஏழிலிருந்து இரண்டாயிற்று. நான்கு பண்டிகைகளில் ஒன்று மட்டும் கணித்த நாளைவிட்டு ஒருநாள் தள்ளியிருந்தது. அதுவும் என் பதின்மூன்றுக்குள்ளேயே. சோலைராஜ் மெஷினைத் தட்டிக்கொடுத்தான், மாட்டைத் தட்டுவதுபோல.

நவம்பர் 5

கடைசித் தாள் வெட்டி மாடிக்குப் போனது. அடைமழை. ரப்பர் பேண்டு போட்ட துண்டுகள் பலகைகளின்மேல் தோளுயரத்துக்கு நிற்கின்றன, ஒன்றுகூட நனையவில்லை. நடுவில் நடக்கச் சந்து விட்டு, ஒவ்வொரு சந்துக்கும் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். ஒன்றின் பெயர் வட்டம்மா சந்து. மிகக் குறுகலானது.

நவம்பர் 8

மூன்று நாள் என்றவர்கள் மூன்றாம் நாள் மாலை நான்கு மணிக்கு முடித்தார்கள். குணசீலன் அப்போது மாடியேறினான். யாரும் எழுந்திருக்கவில்லை. ஓர் அடுக்கை எடுத்துத் தேதிகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு இறங்கிவந்தான்.

டிசம்பர் 3

லாரி கிளம்பியது. எண்பதாயிரம். இரண்டு நாள் மிச்சம்.

டிசம்பர் 9

அடுத்த ஆண்டுக்கு வரைபடம் போட்டுத்தரச் சொல்லி குணசீலன் கேட்டான். கனியும் உடனிருந்தால்தான் போடுவேன் என்றேன். அவன் அறையில் மூவரும் உட்கார்ந்தோம். கனி நாற்காலியின் நுனியில்.

முதல் வட்டத்தை வரைந்து, "பொறுக்குவதற்கு எத்தனை நாள், கனி?" என்று கேட்டேன்.

"அடுத்த வருசம் நாங்க இருப்பமான்னு மொதல்ல சொல்லச்சொல்லுங்க. அப்புறம் நாளச் சொல்றேன்."

குணசீலன் என்னைப் பார்த்தான். எனக்கு உதவும் எண்ணமில்லை.

"ஒரு வேலை முடியாமல் அடுத்தது தொடங்காது" என்றேன். "உன் முடிவுதான் முதல் வேலை. அது ஆகாமல் இந்தத் தாளில் ஒரு கோடும் போடமுடியாது."

"இருங்கன்னுதான சொல்றேன். யாரு போகச்சொன்னா?"

"வாயால சொன்னா எப்படி அண்ணாச்சி?" என்றாள் கனி. "வாயால எங்ககிட்ட ஒண்ணும் சொல்லாமத்தான மூடப் பாத்தீங்க."

அவன் முகம் சிவந்தது. பென்சிலை என்னிடமிருந்து வாங்கி, முதல் வட்டத்துக்குள் எழுதினான்: பைண்டிங் பகுதி மூன்று வருடத்துக்கு இயங்கும். கீழே கையெழுத்தும் தேதியும். அந்தத் தாளை ஒரு பிரதி எடுத்து மாடியில் ஒட்டவேண்டும் என்றாள் கனி. சரி என்றான். அதன்பின்தான் அவள் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"இப்பக் கேளுங்க பெரியம்மா."

"பொறுக்க எத்தனை நாள்?"

"இருபத்தாறு."

"முப்பத்துநாலுன்னு பத்து வருசமாச் சொல்லிக்கிட்டு இருந்த!" என்று குணசீலன் எழுந்தேவிட்டான்.

"எட்டு நாளு கையில வச்சிருந்தோம். நாளைக்கு நீங்க சத்தம் போட்டாக் குறைச்சுக்குடுக்க எங்களுக்கும் ஏதாச்சும் வேணும்ல அண்ணாச்சி."

இருபத்தாறு என்று எழுதினேன். எழுதியதும் பாதைகளை மறுபடி கூட்டினேன். நெருக்கடிப் பாதை பைண்டிங்கை விட்டு விலகிவிட்டது. எங்கே போயிற்று என்று விரலால் தொடர்ந்தேன். சேலத்துக்காரர்களுக்கான பட அட்டையைத் தேர்ந்தெடுக்கும் வேலைக்குப் போயிருந்தது. செய்பவர்: குணசீலன். அவன் சொல்லியிருந்த நாள்: நாற்பது.

மூவரும் அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"அண்ணாச்சி," என்றாள் கனி, "அதுல நெசம் எத்தன?"